ஆரம் எங்கே? 137-உம் உயர்பரிமாணக் கோளங்களும்

கேள்வி: நுண்கட்டமைப்பு மாறிலியின் (மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும் அலகில்லாத எண்) தலைகீழான 137.036, புரோட்டான்-எலக்ட்ரான் நிறை விகிதமான 1836.15 போன்ற எண்களை நான்கு, ஐந்து, பத்துப் பரிமாணக் கோளங்களின் கனஅளவுகளிலிருந்து வருவிக்கலாம் என்று சொல்லும் சூத்திரங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அவற்றில் சாரம் இருக்கிறதா?

சுருக்கமாகச் சொன்னால், கோளம் தருவது π கலந்த ஒரு காரணியை மட்டுமே. இயற்பியல் முழுவதும் அதன் ஆரத்தில் இருக்கிறது. ஆரம் என்ன என்பதற்கு விடை வைத்திருக்கும் கணக்குகளில் உயர்பரிமாணக் கோளம் உண்மையாகவே வேலை செய்கிறது. ஒரு முறை குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியையே எடுத்துக் கொடுத்தும் இருக்கிறது. ஆரத்தை 1 என்று வைத்துவிட்டு எண்ணைப் பொருத்திக் காட்டும் சூத்திரங்களில் இதுவரை ஒன்றும் நிலைக்கவில்லை.

முதலில் கோளக் கணக்கு. எல்லாப் பரிமாணங்களுக்கும் ஒரே விதி போதும்: ஒரு பரிமாணத்தின் கனஅளவு வேண்டுமானால், அதற்கு இரண்டு பரிமாணம் கீழே உள்ள கனஅளவை 2π-ஆலும் ஆரத்தின் வர்க்கத்தாலும் பெருக்கி, பரிமாண எண்ணால் வகுக்க வேண்டும். ஒரு பரிமாணத்தில் 2, இரண்டில் π என்று தொடங்கினால் மூன்றில் 4.189, நான்கில் π²/2 அதாவது 4.935, ஐந்தில் 8π²/15 அதாவது 5.264, ஆறில் π³/6 அதாவது 5.168, ஏழில் 4.725, பத்தில் π⁵/120 அதாவது 2.550 என்று வரும். இருபதாம் பரிமாணத்தில் 0.026-தான் மிச்சம். புறப்பரப்பு வேண்டுமானால் கனஅளவைப் பரிமாண எண்ணால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் போதும். நான்கு பரிமாணக் கோளத்தின் புறப்பரப்பு 2π², ஐந்தில் 8π²/3, ஆறில் π³.

இங்கேயே முதல் தடுமாற்றம் வந்துவிடும். கணித நூல்கள் ‘மூன்று-கோளம்’ என்று சொல்வது நான்கு பரிமாண வெளியில் இருக்கும் கோளத்தின் மேற்பரப்பை. மேற்பரப்பின் பரிமாணத்தைத்தான் அங்கே எண்ணுகிறார்கள். நான்கு பரிமாணத் திண்ம உருண்டை வேறு பொருள். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒரு வரியில் கனஅளவையும் அடுத்த வரியில் புறப்பரப்பையும் எடுத்து, எது பொருந்துகிறதோ அதை வைத்துக்கொள்ளும் வழக்கம் இச்சூத்திரங்களில் தாராளம்.

இரண்டாவது தடுமாற்றம் இன்னும் பிரபலமானது. கனஅளவு ஐந்தாம் பரிமாணத்தில் உச்சம் தொட்டுப் பின் குறைகிறது, ஆகவே ஐந்தாம் பரிமாணம் இயற்கைக்கு உகந்தது என்பார்கள். மேலே சொன்ன விதியையே பாருங்கள். ஆரம் 1 என்றால் பெருக்கும் காரணி 2π-ஐப் பரிமாண எண்ணால் வகுத்தது, பரிமாணம் 6.28-ஐத் தாண்டியதும் அது ஒன்றுக்குக் கீழே போகிறது, அதனால்தான் உச்சம் ஐந்தில் விழுகிறது. ஆரத்தை 2 ஆக்கினால் காரணி 8π-ஐப் பரிமாண எண்ணால் வகுத்தது. உச்சம் 24-ஆம் பரிமாணத்துக்கு ஓடிவிடும். சதுர மீட்டரையும் கன மீட்டரையும் ஒப்பிட்டு எது பெரியது என்று கேட்பதற்குப் பொருளில்லை. ஐந்து பரிமாணக் கனஅளவை ஆறு பரிமாணக் கனஅளவோடு ஒப்பிடுவதும் அதே தவறுதான். ஒப்பிட வேண்டுமென்றால் கோளத்தை அடைத்து நிற்கும் கனசதுரத்தில் அது எத்தனை பங்கு என்று பார்க்கலாம். அது இரண்டு பரிமாணத்தில் 78.5%, மூன்றில் 52.4%, பத்தில் 0.25%. உச்சமே கிடையாது, இறக்கம் மட்டும்தான்.

இனிச் சூத்திரங்கள். மிக எளிமையானது 1951-இல் ஃபிரிட்ரிஷ் லென்ஸ் ஃபிசிக்கல் ரிவ்யூ இதழில் ஒருசில வரிகளில் வெளியிட்டது: புரோட்டான்-எலக்ட்ரான் நிறை விகிதம் 6π⁵, அதாவது 1836.118. அன்றைய அளவீடு 1836.12, பிழை வரம்பு 0.05, அச்சாகப் பொருந்தியது. π⁵ பத்துப் பரிமாணக் கோளத்தில் வருவதால் 6π⁵ என்பது அதன் கனஅளவைப் போல 720 மடங்கு, அதாவது 6 தொடர்பெருக்கம் (1×2×3×4×5×6) மடங்கு, என்று பின்னால் விளக்கம் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். இன்றைய அளவீடு 1836.152673426, கடைசி இரு இலக்கங்களில் மட்டும் 32 அளவுக்கு ஐயம். வேறுபாடு 0.0346. பிழை வரம்பைப் போல பத்து லட்சம் மடங்கு. கதை அங்கே முடிந்தது.

முடியாவிட்டாலும் அதில் ஒரு அடிப்படைச் சிக்கல் இருந்தது. எலக்ட்ரானின் நிறை ஹிக்ஸ் புலத்தோடு அது கொண்டுள்ள பிணைப்பிலிருந்து வருகிறது. புரோட்டானின் நிறையில் பெரும்பகுதி அதனுள் இருக்கும் குவார்க், குளுவான்களின் ஆற்றல். அதை நிர்ணயிப்பது அவற்றைப் பிணைக்கும் வலுவிசை. தொடர்பில்லாத இரண்டு மூலங்களிலிருந்து வரும் இரண்டு எண்களின் விகிதம் π-இன் ஒற்றை அடுக்கில் அமரக் காரணம் எதுவும் இல்லை.

அடுத்தது வைலரின் சூத்திரம். இந்த வகையில் இதுவரை வந்தவற்றில் மதிக்கத்தக்கது இதுவே என்பது என் கணிப்பு. சுவிஸ் கணிதர் அர்மான் வைலர் 1969-இல் வெளியிட்டார். மின்காந்தவியலின் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் கோணம் காக்கும் உருமாற்றங்களுக்கு மாறாமல் நிற்கும். அந்தச் சமச்சீர்க் குழுவை ஒரு பரிமாணம் நீட்டி, அதற்குரிய ஐந்து சிக்கலெண் பரிமாண வரம்புக்குட்பட்ட வெளியை எடுத்தார். இத்தகைய வெளிகளின் கனஅளவுகளைச் சீனக் கணிதர் ஹுவா லுவோகெங் முன்பே கணக்கிட்டு வைத்திருந்தார். மூன்று பொருட்கள் தேவை: அந்த வெளியின் கனஅளவு π⁵/1920, அதன் சிறப்பு எல்லையின் கனஅளவு 8π³/3, ஐந்து பரிமாணக் கோளத்தின் புறப்பரப்பு 8π²/3. முதலாவதின் நான்காம் படிமூலத்தை 8π-ஆல் பெருக்கி, மற்ற இரண்டின் பெருக்கற்பலனால் வகுத்தால் நுண்கட்டமைப்பு மாறிலி. அதன் தலைகீழ் 137.03608. அன்றைய சிறந்த அளவீடு 137.03602, பிழை வரம்பு 0.00021. பொருத்தம் கச்சிதமாக இருந்ததால் 1971-இல் இது பெரும் பேச்சாயிற்று.

விழுந்த இடம் ஆரம். அந்த வெளியின் மெய்ப் பரிமாணம் 10, எல்லையினுடையது 5, கோளப்பரப்பினுடையது 4. எல்லாவற்றையும் ஒரே ஆரத்தோடு எழுதிப் பாருங்கள்: பத்தில் கால் பங்கு 2.5, அதிலிருந்து 5-உம் 4-உம் கழித்தால் −6.5. ஆக விடை ஆரத்தின் −6.5 அடுக்காக மாறும். ஆரம் 1.001 என்றால் 137.04 என்பது 137.93 ஆகிவிடும், ஆரம் 2 என்றால் 12,400-ஐத் தாண்டும். ஆரம் ஏன் சரியாக 1? நான்காம் படிமூலம் எந்த இயற்பியல் கணக்கில் வந்தது? இரண்டுக்கும் வைலரிடம் ஏற்கத்தக்க பதில் இல்லை. கனஅளவுகளின் விகிதம் எப்படி ஒரு மின்னூட்டத்தின் வலிமை ஆகிறது என்பதற்கும் வழி காட்டப்படவில்லை. பின்னாளில் அளவீடு கூர்மையானதும் எண்ணே விலகிவிட்டது: இன்றைய பரிந்துரை மதிப்பு 137.035999177, ஐயம் 0.000000021. வைலரின் எண் அதிலிருந்து 0.000083 தள்ளி நிற்கிறது, பிழை வரம்பைப் போல ஏறத்தாழ நாலாயிரம் மடங்கு. ‘பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தவறவில்லை’ என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அது உண்மைதான். ஆனால் அளவீட்டின் ஐயம் ஆயிரம் கோடியில் ஒன்றிரண்டு பங்காகச் சுருங்கிவிட்ட பிறகு அந்தப் பொருத்தத்துக்கு மதிப்பில்லை.

4π³ + π² + π என்று இன்னொன்று சுற்றிவருகிறது; மதிப்பு 137.0363. வெவ்வேறு பரிமாணக் கனஅளவுகளை ஒன்றோடொன்று கூட்டுவதால் ஆரம் 1 அல்லாத எந்த அலகிலும் அது குலைந்துபோகும். மேலும் பேச வேண்டியதில்லை.

அப்படியானால் இத்தனை இலக்கங்கள் தற்செயலாகப் பொருந்துமா என்று கேட்கத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். 2, 3, 5, π ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் −5 முதல் 5 வரை அடுக்கு, காற்பங்குப் படிகளிலும் மூன்றிலொரு பங்குப் படிகளிலும் அனுமதி. பொதுவானவற்றைக் கழித்தால் ஒவ்வொன்றுக்கும் 61 தேர்வுகள். மொத்தச் சேர்க்கைகள் 61-இன் நான்காம் அடுக்கு: ஒரு கோடியே 38 லட்சம். இயல் மடக்கை (அடி e) அளவில் இவற்றின் திட்டவிலக்கம் 6.9 அளவு. 137-இன் மடக்கை 4.92 இருக்கும் இடத்தில் ஓரலகு அகலத்துக்கு 4.5% சேர்க்கைகள் விழும். 137.036-க்கு இரு பக்கமும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அகலத்தில் எத்தனை விழும் என்று பெருக்கினால் 1.2 வருகிறது. அதாவது எந்த இயற்பியலும் இல்லாமலேயே, வைலரின் துல்லியத்தில் ஒரு சூத்திரமாவது கிடைக்கும் என்றே எதிர்பார்க்கலாம். கிடைக்கவும் செய்தது: 3-இன் 10/3 அடுக்கு × 5-இன் 17/4 அடுக்கு ÷ (2-இன் 19/4 அடுக்கு × π²) = 137.03594. வைலரின் எண்ணைவிட இது உண்மைக்குச் சற்று அருகில்! இது 1971-இல் ரால்ஃப் ரோஸ்கீஸ் கணினியால் தேடி, ஆல்ஃபாவை (நுண்கட்டமைப்பு மாறிலியின் குறியீடு) கணக்கிடுவது ஒரு புதுப் பொழுதுபோக்கு என்று கிண்டலாக எழுதியபோது காட்டியது. தொடர்பெருக்கங்கள், கோளப்பரப்புகள், படிமூலங்கள் என்று அனுமதியை விரிக்க விரிக்க இப்படிப்பட்ட பொருத்தங்கள் பெருகும். கண்டுபிடித்தவர் பத்துப் பதினைந்து வடிவங்களை மனத்துக்குள் கழித்துவிட்டுக் கடைசி வடிவத்தை மட்டும் எழுதுவதால், படிப்பவருக்கு அந்தத் தேடலின் அகலம் தெரிவதில்லை.

எண் பொருந்தினாலும் தாண்ட வேண்டிய தடை இன்னொன்று இருக்கிறது. 137.036 என்பது மிகத் தாழ்ந்த ஆற்றலில், அதாவது தொலைவிலிருந்து பார்க்கும்போது கிடைக்கும் மதிப்பு. எலக்ட்ரான்-பாசிட்ரான் இணைகள் வெற்றிடத்தில் தோன்றி மறைந்து மின்னூட்டத்தை மறைப்பதால், நெருங்கிப் போகப் போக மாறிலி கூடும். இசட் போசானின் நிறைக்கு இணையான 91 கிகா எலக்ட்ரான்வோல்ட்டில் தலைகீழ் மதிப்பு 128 அளவு. 137-க்கும் 128-க்கும் இடையிலான வேறுபாட்டில் எலக்ட்ரான், மியூவான், டௌ, குவார்க்குகள் அனைத்தின் நிறைகளும் கலந்திருக்கின்றன. தூய வடிவியல் ஒரு மதிப்பைத் தருமானால் அது எந்த ஆற்றலுக்குரிய மதிப்பு? மிக உயர்ந்த ஆற்றலுக்கு என்றால் புரிகிறது. ஆனால் அப்போது கிடைக்க வேண்டியது 137 அல்ல. தாழ்ந்த ஆற்றலுக்கு என்றால் சூத்திரத்துக்குள் மியூவான் நிறை எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். 136 என்று தொடங்கி, அளவீடு நகர்ந்ததும் ஒன்றைக் கூட்டி 137 என்ற வானியற்பியலாளர் எடிங்டனின் காலத்தில் இந்தச் சறுக்கல் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரியாமல் எழுத முடியாது.

உண்மையான தொடர்புகள் எங்கே? வேடிக்கை என்னவென்றால், மாறிலி மாறும் மேலே சொன்ன கணக்கிலேயே நான்கு பரிமாணக் கோளம் உட்கார்ந்திருக்கிறது. வெற்றிடத் திருத்தம் ஒவ்வொன்றிலும் நான்கு பரிமாண உந்த வெளியில் தொகையீடு செய்ய வேண்டும். திசைகளைத் தொகுத்தால் 2π² வெளியே வரும், (2π)⁴-ஆல் வகுத்தால் 1/8π². துகள் இயற்பியல் கட்டுரைகளில் எங்கும் தென்படும் 16π²-இன் பிறப்பிடம் இதுதான். ஆனால் இது மாறிலி எப்படி மாறும் என்பதைத்தான் சொல்கிறது, எங்கிருந்து தொடங்கியது என்பதை அல்ல.

எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. ஒரு பெட்டியில் ஓரணு வாயு. அணுக்களின் எண்ணிக்கை ஒரு மோல் என்றால் 6.022×10²³. ஒவ்வோர் அணுவுக்கும் மூன்று உந்தக் கூறுகள். மொத்த ஆற்றல் குறிப்பிட்ட அளவு என்றால், எல்லாக் கூறுகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 2 × நிறை × ஆற்றல். இது ஏறத்தாழ 1.8×10²⁴ பரிமாணங்களில் ஒரு கோளத்தின் சமன்பாடு. ஆரம் இங்கே யாரும் கையால் வைத்தது அல்ல: 2 × நிறை × ஆற்றல் என்பதன் வர்க்கமூலம். இவ்வளவு பரிமாணங்களில் கோளத்தின் கனஅளவு முழுதும் மேற்பரப்பையொட்டியே கிடக்கும் என்பதும் கைகொடுக்கிறது. நூறு பரிமாணத்திலேயே வெளிப்புற 1% தடிமனில் 63% இருக்கும், ஆயிரம் பரிமாணத்தில் 99.99%-க்கு மேல், ஆகவே கனஅளவை எடுத்தாலும் பரப்பை எடுத்தாலும் விடை மாறாது. இந்தக் கனஅளவைப் பெட்டியின் கொள்ளளவோடு சேர்த்து, ஒரு நிலைக்கு எவ்வளவு இடம் என்பதால் வகுத்தால் நிலைகளின் எண்ணிக்கை. அதன் மடக்கையே என்ட்ரோப்பி, அதாவது வாயு எத்தனை விதமாக அமைந்திருக்கலாம் என்பதன் அளவு. அந்த ‘ஒரு நிலைக்கு எவ்வளவு இடம்’ என்பதில்தான் பிளாங்க் மாறிலி நுழைகிறது.

1912-இல் ஓட்டோ சாக்கூரும் ஹியூகோ டெட்ரோடும் தனித்தனியே இந்த என்ட்ரோப்பிச் சமன்பாட்டை அடைந்தார்கள். (கோளத்தின் வழியாக வருவிப்பது இன்றைய பாடநூல் முறை.) பாதரச ஆவி ஓரணு வாயு, அதன் ஆவியழுத்தமும் ஆவியாதல் வெப்பமும் அளந்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து என்ட்ரோப்பி தெரியும், சமன்பாட்டில் மற்ற எல்லாம் தெரியும். மிஞ்சிய ஒரே தெரியாத அளவு பிளாங்க் மாறிலி. கணக்கிட்டபோது, கதிர்வீச்சிலிருந்து பிளாங்க் பெற்ற மதிப்போடு சில சதவீத வேறுபாட்டுக்குள் ஒத்துவந்தது. பாதரச ஆவிக்கும் ஒளிக்கும் ஒரே மாறிலி! வைலரின் ஆறு இலக்கப் பொருத்தத்தைவிட இந்தச் சில சதவீதப் பொருத்தத்துக்கு எடை அதிகம். இங்கே திருகிச் சரிசெய்ய எதுவும் இருக்கவில்லை.

கூடுதல் வெளிப் பரிமாணங்களைப் பற்றியும் இதே அளவுகோலால் பேசலாம். கலூட்சா 1921-இல் ஐந்தாம் பரிமாணத்தைக் கொண்டுவந்தார். 1926-இல் ஆஸ்கர் கிளைன் அதை ஒரு சிறு வட்டமாகச் சுருட்டினார். வட்டத்தைச் சுற்றி ஓடும் உந்தம் குவாண்டமாகிறது, அந்த உந்தமே நமக்கு மின்னூட்டமாகத் தெரிகிறது. இன்றைய அலகுகளில் எழுதினால் நுண்கட்டமைப்பு மாறிலி = 4 × (பிளாங்க் நீளம் ÷ வட்டத்தின் ஆரம்) வர்க்கம். (பிளாங்க் நீளம் என்பது ஈர்ப்பு மாறிலி, பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம் மூன்றிலிருந்தும் அமையும் நீள அலகு.) இதில் ஆரம் வெளிப்படையாக நிற்கிறது. 1/137 வர வேண்டுமானால் ஆரம் பிளாங்க் நீளத்தைப் போல 23.4 மடங்கு, அதாவது 3.8×10⁻³⁴ மீட்டர். நேர்மையான சூத்திரம் என்பதால் அதன் தோல்வியும் தெளிவாகத் தெரிகிறது: அதே ஆரம், மின்னூட்டமுள்ள துகளின் நிறை 5×10¹⁷ கிகா எலக்ட்ரான்வோல்ட் என்கிறது. எலக்ட்ரானுக்கு அது 0.000511.

ஆரத்தையே கணக்கால் நிர்ணயிக்க முடியுமா என்று 1984-இல் ஃபிலிப் கான்டெலாஸும் ஸ்டீவன் வைன்பெர்க்கும் முயன்றார்கள். ஒற்றைப்படைப் பரிமாணக் கோளத்தின் மேல் துகள் புலங்களின் குவாண்டம் அலைவு தரும் அழுத்தம் கோளத்தை ஒரு குறிப்பிட்ட ஆரத்தில் நிறுத்தும். அந்த ஆரம் விசையின் வலிமையைத் தரும். கேட்ட கேள்விக்கு நேரான விடை இதுதான், உயர்பரிமாணக் கோளத்திலிருந்து ஒரு மாறிலி. விலை என்ன? இயற்கையில் காணும் அளவுக்கு வலிமை வர, நம்பத்தக்க எண்ணிக்கையைவிட மிக அதிகமான புலங்களை உள்ளே திணிக்க வேண்டியிருந்தது. 1980-இல் ஃபிராய்ண்டும் ரூபினும் 11 பரிமாணம் தானாகவே 4 + 7 என்று பிரியலாம் என்று காட்டியபோது ஏழு பரிமாணப் பரப்புடைய கோளத்தின் மேல் பெரும் நம்பிக்கை எழுந்தது. அதன் சமச்சீருக்கு 28 ஆக்கிகள் (ஒன்றையொன்று சாராத அடிப்படைச் சுழற்சிகள்). நியமத் துகள் கோட்பாட்டுக்குத் தேவை 8 + 3 + 1 = 12 மட்டுமே; ஆனாலும் அந்தப் பன்னிரண்டும் சேர்ந்த குழு அந்த இருபத்தெட்டுக்குள் அடங்கவில்லை. இடது-வலது வேறுபாடு காட்டும் துகள்களையும் அது தரவில்லை.

ஈர்ப்பு மாறிலியின் பக்கம் ஒரு சோதனை இன்னும் நடக்கிறது. கூடுதலாக இரண்டு பரிமாணம் சுருண்டிருந்தால், அந்தச் சுருளைவிடக் குறைந்த தொலைவில் விசைக்கோடுகள் 4π பரப்பில் அல்ல, ஐந்து பரிமாணக் கோளத்தின் 8π²/3 பரப்பில் விரியும். ஈர்ப்பு தொலைவின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாகக் குறையும். அப்படியானால் நாம் அளக்கும் ஈர்ப்பு மாறிலி அடிப்படையானது அல்ல, சுருளின் பரப்பால் நீர்த்துப்போன ஒன்று. வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு முறுக்குத் தராசால் 52 மைக்ரோமீட்டர் வரை இறங்கிப் பார்த்து 2020-இல் வெளியிட்டது. தலைகீழ் வர்க்க விதி அப்படியே இருந்தது.

இப்படியொரு சூத்திரம் உங்கள் கையில் இருந்தால் இந்த வரிசையில் சோதியுங்கள். ஒவ்வொரு கனஅளவுக்கும் ஆரத்தை எழுத்தாக எழுதி, இறுதியில் அது தானே வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள். வெட்டுப்படாவிட்டால் அந்த ஆரம் எந்த இயற்பியல் அளவு என்று சொல்லுங்கள். பிறகு, நீங்கள் முயன்று கைவிட்டவை உட்பட எத்தனை வடிவங்கள் சாத்தியம் என்று எண்ணி, அதன் இலக்க எண்ணிக்கையைப் பொருந்திய இலக்கங்களோடு ஒப்பிடுங்கள். ஒரு கோடி வடிவங்களிலிருந்து எடுத்தது ஏழு இலக்கம் பொருந்தினால் லாபம் எதுவும் இல்லை. கணினியில் சாதாரண 16 இலக்கத் துல்லியமே போதும், பிழை அங்கே வராது. பிழை வருவது பழைய அளவீட்டு மதிப்பைப் பாடநூலிலிருந்து எடுப்பதில்.

பத்து இலக்கத்துக்கு மேல் பொருந்துகிறது என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒளியை உறிஞ்சும் அணுக்களின் பின்னுதைப்பை அளந்து நுண்கட்டமைப்பு மாறிலியைக் கண்ட இரண்டு சோதனைகளில், சீசியத்தைக் கொண்டு பெர்க்லியில் 2018-இல் கிடைத்தது 137.035999046, ரூபிடியத்தைக் கொண்டு பாரிஸில் 2020-இல் கிடைத்தது 137.035999206. ஐயங்கள் முறையே கடைசி இலக்கங்களில் 27, 11. இரண்டும் ஐந்து திட்டவிலக்கத்துக்கு மேல் முரண்படுகின்றன, காரணம் இன்னும் துலங்கவில்லை. பதினோரு இலக்கம் பொருந்தும் சூத்திரம் இவற்றில் எதற்குப் பொருந்துகிறது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். அடுத்த அளவீடு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.